அரசு டெண்டர்: சின்ன யூனிட்காரங்க கேட்டதும் நான் சொன்னதும்

திருச்சி துவாக்குடி பக்கம் சின்னதா ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட் வச்சிருக்கேன், 14 வருஷமா டெண்டர் போட்டுட்டு இருக்கேன், ஜெயிச்சதை விட தோத்தது தான் ஜாஸ்தி. சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு நேத்து சொன்னதுக்கு சரமாரியா வந்துருச்சு, ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் ஒண்ணா சேர்த்துட்டேன்.

மகேஷ், ஓசூர்: அண்ணே, ஒண்ணுமே தெரியாது. முதல்ல எதை பண்ணணும்?

உத்யம் ரிஜிஸ்ட்ரேஷன் தம்பி, சின்ன தொழிலுக்கு மத்திய அரசு குடுக்கற பதிவு. 2020 ஜூலைல வந்தது, ஆதாரும் பான் கார்டும் போதும், ஜிஎஸ்டி இருந்தா அதையும் கையில வச்சுக்கோ. இதுக்கு கவர்மென்ட் ஒரு பைசா வாங்கறதில்ல, ஆனா கூகுள்ல தேடினா அதே மாதிரி அச்சு அசலா இருக்கற சைட் வந்து 2000, 3000ன்னு புடுங்கும், அட்ரஸ் கடைசில ஜிஓவி டாட் இன் இருக்கான்னு பார்த்துட்டு உள்ள போ. அப்புறம் கிளாஸ் 3 டிஜிட்டல் சிக்னேச்சர், சைனிங் (கையெழுத்துக்கு), என்கிரிப்ஷன் (ஃபைலைப் பூட்ட) ரெண்டும் சேர்த்து வாங்கு, காசு மிச்சம்னு சைனிங் மட்டும் வாங்கிட்டு டெண்டர் அன்னைக்கு முழிக்கறவங்க இருக்காங்க.

கரூர்ல இருந்து: நாங்க பெட்ஷீட் தறி போட்டிருக்கோம். ஆஸ்பத்திரி, ஹாஸ்டல் ஆர்டர் எல்லாம் எங்க தேடறது?

நாலு கதவு இருக்கு. மத்திய அரசு ஆபீஸ், பொதுத்துறை கம்பெனி பொருள் வாங்கறதுல பெரும்பகுதி ஜெம் போர்ட்டல்ல (2016ல ஆரம்பிச்சது), அதுல இல்லாததுக்கு மத்திய அரசோட இ-ப்ரொக்யூர் சைட், நம்ம மாநிலத்துக்கு டிஎன் டெண்டர்ஸ், ரயில்வேக்கு மட்டும் தனியா ஐரெப்ஸ்.

ஆனா தேடறதுல ஒரு சூட்சுமம் இருக்கு. நீங்க பெட்ஷீட்னு தேடுவீங்க, அவங்க 'ஹாஸ்பிடல் லினன்'னு போட்டிருப்பாங்க, 'காட்டன் ட்ரில்'னு போட்டிருப்பாங்க, அவங்க பாஷையில தேடணும். அதுக்கு முடிஞ்சு போன டெண்டரைப் பாருங்க. யார் யார் போட்டாங்க, என்ன ரேட்டு, யாருக்கு போச்சுன்னு பெரும்பாலும் ஓப்பனா கிடக்கும். நான் ஒரு புது ஐட்டத்துல இறங்கறதுக்கு முன்னாடி ரெண்டு வருஷத்து ரிசல்ட்டை நோட்டுல எழுதி வச்சுப்பேன். அந்த ரேட்டுக்கு நம்மளால பண்ணவே முடியாதுன்னா அங்கயே விட்டுட வேண்டியது தான், டெண்டர் போடாம இருக்கறதும் ஒரு லாபம்.

செல்வி, ஈரோடு: எப்பவுமே கம்மி ரேட்டுக்காரனுக்கு தானே சார் போகுது? பெரிய கம்பெனியோட நாங்க எப்படி மோதறது?

இதுக்கு தாம்மா 2012ல ஒரு பாலிசி போட்டாங்க. மத்திய அரசு துறையும் பொதுத்துறை கம்பெனியும் வருஷக் கொள்முதல்ல 25 சதவீதம் குறு, சிறு நிறுவனங்கள்ட்ட வாங்கணும், அதுல 3 சதவீதம் பெண்கள் நடத்துற யூனிட்டுக்கு, 4 சதவீதம் எஸ்சி எஸ்டி தொழில்முனைவோருக்கு.

கணக்கா சொல்றேன். 1000 பீஸ் டெண்டர். எல்1, அதாவது இருக்கறதுலயே கம்மி ரேட் போட்டது, ஒரு பெரிய கம்பெனி, 200 ரூபாய். நீங்க 225 போட்டிருக்கீங்க. 15 சதவீதத்துக்குள்ள தானே இருக்கு (230 வரைக்கும் ஓகே), அதனால உங்களைக் கூப்பிட்டு 200க்கு வர்றீங்களான்னு கேட்பாங்க, சரின்னா 250 பீஸ் உங்களுக்கு. பிரிக்க முடியாத ஐட்டம்னா மொத்தமே கிடைக்க வாய்ப்பிருக்கு. ஆனா எல்1ல வந்தவனே ஒரு சின்ன யூனிட்னா இந்த சலுகை கிடையாது, நிறைய பேர் இதை கவனிக்காம 'என்னை ஏன் கூப்பிடல'ன்னு சண்டைக்கு போறாங்க. இன்னொண்ணு, இது பொருளுக்கும் சர்வீசுக்கும் தான், கட்டட வேலை ரோடு வேலைக்கு இந்த பாலிசி பேசாது. மாநில அரசு டெண்டருக்கு விதி தனி, அந்தந்த டெண்டர்லயே படிச்சுக்கோங்க.

மதுரைல கடை வச்சிருக்கற ஒருத்தர்: நான் வாங்கி விக்கறவன். உத்யம் இருக்கு. சின்ன யூனிட்டுக்கு குடுக்கற இஎம்டி (டெண்டர் போடும்போது கட்டற டெபாசிட்) விலக்கு எனக்கும் உண்டா?

இல்லண்ணே. 2021ல வியாபாரிகளையும் உத்யம்ல சேர்த்தாங்க, ஆனா அது பேங்க் லோன் சலுகைக்கு மட்டும். கொள்முதல் சலுகை சொந்தமா தயாரிக்கறவங்களுக்கும் சர்வீஸ் குடுக்கறவங்களுக்கும் தான். நீங்க தாராளமா டெண்டர் போடலாம், ஆனா இஎம்டி கட்டித்தான் போடணும், பல ஐட்டத்துக்கு தயாரிக்கற கம்பெனியோட ஆத்தரைசேஷன் லெட்டரும் கேட்பாங்க.

ஆறுமுகம், நாமக்கல்: இஎம்டி விலக்குன்னா கையில காசே வேணாமா?

இங்க தான் எல்லாரும் மாட்டறது. இஎம்டி தான் விலக்கு, ஆர்டர் கிடைச்சதுக்கு அப்புறம் கேட்கற பெர்ஃபார்மன்ஸ் கேரண்டிக்கு (ஒழுங்கா முடிச்சுக் குடுப்போம்னு கட்டற டெபாசிட்) விலக்கு இல்ல. 20 லட்சம் ஆர்டர், 5 சதவீதம்னா ஒரு லட்சம், அது வாரண்டி முடியற வரைக்கும் முடங்கிக் கிடக்கும். பேங்க் கேரண்டி கேட்டா பேங்க்காரன் மார்ஜினுக்கு எஃப்டி கேட்பான். அதுக்கு மேல சரக்கு வாங்கணும், கூலி குடுக்கணும், பில்லு வர்ற வரைக்கும் தாங்கணும். முதல் வருஷம் உங்களால மூணு மாசம் பணம் வராம சமாளிக்க முடியுமோ அந்த அளவு ஆர்டருக்கு மட்டும் போடுங்க. பெரிய ஆர்டர் கிடைச்சு நடுவுல கைய விரிச்சா டெபாசிட்டும் போகும், தடைப் பட்டியல்லயும் போட்டுருவாங்க.

தினேஷ்: நீங்க பண்ணதுலயே பெரிய தப்பு எது அண்ணே?

கேட்டுட்டியே. ஒரு ஆபீசுக்கு ஸ்டீல் ரேக் டெண்டர், மூணு வாரம் உட்கார்ந்து வேலை பார்த்தேன், மதியம் 3 மணிக்கு குளோசிங். 2:40க்கு எல்லா ஃபைலும் ஏத்திட்டேன், பச்சை டிக் வந்துருச்சு, அப்பாடான்னு டீ குடிக்கப் போயிட்டேன். ஓப்பனிங் அன்னைக்குப் பார்த்தா லிஸ்ட்ல என் பேரே இல்ல. ஏன்னா கடைசில 'ஃப்ரீஸ் பிட்'னு ஒரு பட்டன் இருக்கு, அதை அமுக்கினா தான் டெண்டர் போட்டதா அர்த்தம், நான் அமுக்கல. யாரைக் குத்தம் சொல்றது, என் தப்பு தான். இப்போ எல்லாம் அக்நாலெட்ஜ்மென்ட் பிரிண்ட் கையில வந்தாத்தான் சீட்டை விட்டு எந்திரிப்பேன், அதுவும் முந்தின நாளே.

அதே மாதிரி ரேட் போடற பிஓக்யூ எக்செல். ஃபைல் பேரை மாத்தக் கூடாது, கலர் போட்ட கட்டத்தைத் தவிர வேற எதையும் தொடக் கூடாது, ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலான்னு தலைப்புல எழுதியிருக்கும், அதை ரெண்டு தடவை படி.

திருப்பூர்ல இருந்து: சப்ளை பண்ணி எட்டு மாசம் ஆச்சு, பணம் வரல. என்ன பண்றது?

எம்எஸ்எம்இ சட்டம் 2006 படி, அக்ரிமென்ட்ல என்ன எழுதியிருந்தாலும் சரக்கை ஏத்துக்கிட்ட நாள்ல இருந்து 45 நாளைக்கு மேல போகக் கூடாது, போனா ரிசர்வ் பேங்க்கோட பேங்க் ரேட்டை போல மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசா மாசம் கூட்டு வட்டி. எம்எஸ்எம்இ துறையோட லேட் பேமென்ட் போர்ட்டல்ல (நான் போனப்போ சமாதான்னு பேரு) மனு போட்டா அது இந்த கேஸை விசாரிக்கற ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்குப் போகும். உத்யம் எடுத்தது ஆர்டருக்கு முன்னாடி இருக்கணும், பின்னாடி எடுத்திருந்தா அதை வச்சே கேஸை இழுப்பாங்க.

கேஸ் போட்டா அடுத்த ஆர்டர் வராதேன்னு நீங்க யோசிக்கறது தெரியுது, எனக்கும் அந்த பயம் உண்டு. நான் பண்றது என்னன்னா, முதல்ல டெலிவரி சலான்ல ஸ்டோர்ஸ் சீல், கையெழுத்து, தேதி மூணும் இருக்கான்னு பார்ப்பேன். பாதி பில்லு நிக்கறது ஆள் கெட்டவர்ங்கறதால இல்ல, இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் ஒரு டேபிள்ல தூங்குது, அவ்ளோதான். 45 நாள் தாண்டினதும் சட்டத்தை சொல்லி மரியாதையா ஒரு லெட்டர், நகல் ஃபைனான்ஸ் ஆபீசருக்கு. எனக்கு ரெண்டு தடவை அந்த லெட்டர்லயே பணம் வந்துருச்சு. ஒரே ஒரு தடவை தான் சமாதான் வரைக்கும் போனேன். எட்டு மாசம்னா நீங்க போகலாம்.

வாங்கறது பொதுத்துறை கம்பெனின்னா அவங்க ட்ரெட்ஸ்ல (பில்லை வச்சு முன்கூட்டியே பணம் வாங்கற ஆன்லைன் தளம்) இருக்காங்களான்னு கேளுங்க, பில்லை அங்க தள்ளுபடி பண்ணி காசாக்கிக்கலாம்.

பேர் வேணாம்னு ஒருத்தர்: உள்ள ஆள் இல்லாம கிடைக்குமா? நேர்மையா சொல்லுங்க.

கிடைக்கும். கிடைக்காத இடமும் இருக்கு, பொய் சொல்ல மாட்டேன். ஸ்பெசிஃபிகேஷன் படிக்கும்போதே தெரிஞ்சுரும், ஒரே ஒரு கம்பெனியோட கேட்டலாக்ல இருக்கற அளவு மில்லிமீட்டர் சுத்தமா அங்க உட்கார்ந்திருக்கும். ப்ரீ-பிட் மீட்டிங் (டெண்டர் போடறதுக்கு முன்னாடி சந்தேகம் கேட்கற கூட்டம்) இருந்தா எழுத்துல கேளுங்க, 'இந்த அளவு எதுக்கு, இதுக்கு சமமானது குடுக்கலாமா'ன்னு. சில சமயம் திருத்தம் வரும், வரலன்னா விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க. தமிழ்நாட்டுல 1998 டெண்டர் வெளிப்படைத்தன்மை சட்டம் இருக்கு, முடிவு தப்புன்னா உத்தரவு கைக்கு வந்து 10 நாளைக்குள்ள அரசுக்கு அப்பீல் போகலாம். பத்து நாள் தான், வக்கீலைத் தேடறதுக்குள்ள ஓடிரும்.

லட்சுமி, தஞ்சாவூர்: பில்லுல 2 சதவீதம் ஜிஎஸ்டி டிடிஎஸ்னு பிடிச்சுட்டாங்க, அது போனது போனது தானா?

ஐயோ இல்லக்கா, அது உங்க காசு. ரெண்டரை லட்சத்துக்கு மேல கான்ட்ராக்ட்னா அரசு ஆபீஸ் பிடிச்சே ஆகணும். ஜிஎஸ்டி போர்ட்டல்ல 'டிடிஎஸ் கிரெடிட் ரிசீவ்ட்'னு ஒரு இடம் இருக்கு, அங்க போய் அக்செப்ட் குடுத்தா உங்க கேஷ் லெட்ஜர்ல ஏறிரும், அடுத்த வரிக்கு கழிச்சுக்கலாம். ஆடிட்டர் பார்த்துப்பாருன்னு இருக்காதீங்க, என் ஆளு ஒரு வருஷம் பார்க்கவே இல்ல, நான் தான் ஒரு ஞாயித்துக்கிழமை சும்மா நோண்டும்போது கண்டுபிடிச்சேன்.