ஏசி இருந்தா ஜன்னல் வேண்டாமா? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தாம்பரம் பக்கம் சின்ன மனைல வீடு கட்டுறோம் சார். பெட்ரூம் 10க்கு 12. அதுல 4க்கு 4 யூபிவிசி ஸ்லைடிங் ஜன்னல் ஒண்ணு போட்டா போதும், எப்படியும் ஏசி போடத்தானே போறீங்கன்னு இன்ஜினியர் சொல்றாரு. பையனுக்கு வீசிங் இருக்கு, அதான் யோசனையா இருக்கு.
- வாசகி, தாம்பரம்

பதில்: போதாதும்மா. கணக்கு போட்டே பாத்துடலாம். உங்க ரூம் 120 சதுர அடி. சென்னை மாதிரி வேர்த்துக் கொட்டுற ஊருக்கு தரைப் பரப்புல ஆறுல ஒரு பங்கு ஜன்னல் வேணும்னு நேஷனல் பில்டிங் கோட், அதாவது கட்டடம் கட்டறதுக்கான தேசிய விதித்தொகுப்பு சொல்லுது, அப்படின்னா 20 சதுர அடி. அவர் சொல்ற ஜன்னல் 16தான், அதுவும் ஸ்லைடிங்ல ஒரு கதவு இன்னொண்ணு மேல போய் நின்னுக்கும், பாதிதான் திறக்கும், ஆக உங்களுக்கு நிஜமா காத்து வர்ற வழி 8 சதுர அடி. பழைய மாதிரி கீல் வெச்சு முழுசா திறக்கற ஜன்னலா கேளுங்க, கொசுவலை உள்பக்கம் போட்டுக்கலாம். அப்புறம் எவ்ளோ பெருசா இருந்தாலும் ஒரே சுவத்துல இருந்தா பிரயோஜனம் கம்மி, உள்ள வந்த காத்து வெளிய போகவும் வழி வேணும்ல. மதியத்துக்கு மேல கடல்காத்து கிழக்கு, தென்கிழக்குலேந்து வரும், அந்தப் பக்கம் ஒண்ணு, வேற சுவத்துல ஒண்ணு. இடமே இல்லன்னா கதவுக்கு மேல ஒரு வென்டிலேட்டராவது.

வீசிங் பத்தி கேட்டீங்க. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காத்தை உள்ள கொண்டு வராது, ரூம்ல இருக்கற அதே காத்தைத்தான் சுத்திச் சுத்தி குளுத்தும். ஜன்னலை மூடிட்டு உள்ள கொசுவத்திச் சுருளும் கொளுத்தி வெச்சா பாவம் அந்தக் குழந்தை என்ன பண்ணும்! இன்னொண்ணு, பாத்ரூம் சுவத்தை ஒட்டி வார்ட்ரோப் வேண்டாம், சுவர் ஓதம் அடிச்சா பின்னாடி பூஞ்சை பிடிக்கும், துணில வாடை வர்ற வரைக்கும் நமக்குத் தெரியவே தெரியாது. மும்பைல கோவண்டி, மான்கூர்டு பக்கம் குடிசைவாசிகளுக்குன்னு கட்டின அடுக்குமாடிகள்ல பில்டிங்குக்கும் பில்டிங்குக்கும் 3 மீட்டர்தான் இடைவெளி. அங்க வெயிலும் காத்தும் எட்டாத கீழ்தளங்கள்ல டிபி அதிகம்னு 2018ல ஒரு ஆய்வு சொல்லிச்சு. ஃபால்ஸ் சீலிங், எலிவேஷன்னு முகப்பு அலங்காரத்துக்கெல்லாம் தனியா காசு எடுத்து வெச்சிருப்பீங்க, அதுல கொஞ்சம் ஜன்னலுக்கு ஒதுக்குங்க.

கேள்வி: டாப் ஃப்ளோர் ஃப்ளாட் சார். ராத்திரி 11 மணிக்கும் அனல் அடிக்குது, தூக்கமே இல்ல, காலைல எழுந்தா வீட்ல எல்லாருக்கும் எரிச்சல். என்ன செய்யலாம்?
- வாசகர், மடிப்பாக்கம்

பதில்: கான்கிரீட் பகல்ல குடிச்ச சூட்டை ராத்திரிதான் கக்கும், அதனால ஃபேன் போட்டாலும் அனல்தான் இறங்கும். அசோசியேஷன்ல பேசி மொட்டைமாடிக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடிங்க, இல்ல வெள்ளை கூலிங் டைல் ஒட்டுங்க. காசு இல்லன்னா வருஷா வருஷம் வெயிலுக்கு முன்னாடி சுண்ணாம்பு அடிச்சாலும் சரி. உள்ள 2லேந்து 5 டிகிரி வரைக்கும் குறையும், ஆனா தூசி படிஞ்சா பலன் போயிடும், கழுவணும். மேற்கு சுவத்து ஜன்னலுக்கு உள்ள திரை போடறதை விட வெளிய மூங்கில் தட்டி கட்டுங்க, வெயில் கண்ணாடில படறதுக்கு முன்னாடியே தடுத்துடணும்.

கேள்வி: அம்மாவுக்கு 74. ஊர்லேந்து கூட்டிட்டு வந்து எங்க ஃப்ளாட்ல வெச்சிருக்கோம். நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவோம், நாள் பூரா சுவத்தைப் பாத்துட்டே உக்காந்திருக்காங்க. டாக்டர் ஒண்ணும் இல்லங்கறார்.
- வாசகர், வேளச்சேரி

பதில்: ஊர்ல திண்ணைல உக்காந்தா தெருவுல போறவங்க வர்றவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசியிருப்பாங்க, இங்க லிஃப்ட் கதவு மூடினா முடிஞ்சுது. முதல்ல அவங்க கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடுங்க. அமெரிக்காவுல பென்சில்வேனியால ஒரு ஆஸ்பத்திரில பித்தப்பை ஆபரேஷன் ஆனவங்கள்ல, ஜன்னல் வழியா மரம் தெரிஞ்சவங்க செங்கல் சுவர் தெரிஞ்சவங்களை விட சீக்கிரம் வீட்டுக்குப் போனாங்க, வீரியமான வலி மருந்தும் கம்மியா எடுத்துக்கிட்டாங்கன்னு ரோஜர் உல்ரிச்ங்கற ஆய்வாளர் 1984லயே எழுதினார். உங்க பால்கனில வாஷிங் மெஷினும் பழைய அட்டைப்பெட்டியும்தான் குடியிருக்கும்னு நினைக்கறேன், அதைக் காலி பண்ணி நாற்காலியும் நாலு தொட்டியும் வைங்க, தண்ணி ஊத்தற வேலையை அம்மாகிட்டயே விட்டுடுங்க.

விழுந்துடுவோமோன்னு பயந்துதான் பல பேர் நடக்கறதையே விட்டுடறாங்க. பாத்ரூம்ல வழுக்காத டைல், கம்மோடுக்குப் பக்கத்துல கைப்பிடி, கட்டில்லேந்து பாத்ரூம் வரைக்கும் ராத்திரி சின்ன லைட், இது மூணும் கண்டிப்பா. அசோசியேஷன்ல பேசி கீழ லிஃப்ட் பக்கத்துல சாஞ்சுக்கற மாதிரி, கை ஊணி எழுந்துக்கற மாதிரி ஒரு பெஞ்ச் போடச் சொல்லுங்க. பார்க்கிங் இடம் போயிடும்னு ரெண்டு பேராவது சண்டைக்கு வருவாங்க, வரட்டும், அவங்க வீட்லயும் பெரியவங்க இருப்பாங்க இல்ல.