யார் சொல்லி எழுதினீர்கள்?

அன்புள்ள ஐயா,

நான் இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு மாணவன். அணுமின் துறையில் பயிற்சிப் பொறியாளராகச் சேர எனக்கு ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. நீங்கள் ஒரு கட்டுரையில் ஜெர்மானியரான கிளவுஸ் டிரவுபேயைப் பற்றி மதிப்போடு குறிப்பிட்டிருந்தீர்கள். அதன் பிறகு அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். எனக்குச் சில ஐயங்கள். பதவியில் இருந்தவரை அணு உலை கட்டியவர், வேலை போன பிறகே அதன் எதிர்ப்பாளரானார். இதைக் கொள்கை என்பதா, வஞ்சம் என்பதா? தீவிரவாதி ஒருவன் அவர் வீட்டில் தங்கியது உண்மை என்னும்போது, அரசு சந்தேகப்பட்டதில் என்ன தவறு? உலைகளையெல்லாம் மூடிவிட்டு ஜெர்மனி இன்று நிலக்கரியை எரிப்பது அறிவீனம் இல்லையா? கடைசியாக, நான் அந்த வேலையில் சேரலாமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் என் அண்ணனின் தகரப் பெட்டியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். அதில் கிடைத்த ஒரு தாள் என்னைச் சில நாட்களாகத் தூங்கவிடவில்லை. அதனால்தான் உங்களுக்கு உடனே எழுதுகிறேன்.

மூன்றாவது கேள்வியை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். ஜெர்மனியின் கடைசி மூன்று அணு உலைகள் 2023 ஏப்ரல் 15 அன்று நிறுத்தப்பட்டன. அது சரியா தவறா என்று வாதிட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். 2016இல் இறந்துபோன ஒரு மனிதரின் நேர்மையை அதைக் கொண்டு அளக்க முடியாது.

டிரவுபே 1928இல் ஹனோவரில் பிறந்தவர். தந்தை யூதர். ஹிட்லரின் ஆட்சியில் அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த ஒரு சிறுவனுக்கு, அரசு என்பது கதவைத் தட்டும் கை என்பதை யாரும் சொல்லித் தந்திருக்க வேண்டியதில்லை. அவர் பொறியாளரானார், அணு உலைத் தொழிலில் படிப்படியாக உயர்ந்தார், 1972இல் கொலோன் நகருக்கு அருகிலிருந்த இன்டர்ஆட்டம் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநரானார். ரைன் ஆற்றங்கரையில் கால்கார் என்ற சிற்றூரில் எழவிருந்த எஸ்.என்.ஆர்-300 ஈனுலை அவர் பொறுப்பில் இருந்தது. ஈனுலை என்பது எரிக்கும் எரிபொருளைவிட அதிகமான எரிபொருளை ஈன்று தரும் என்ற நம்பிக்கையில் வடிவமைக்கப்படுவது. அதைக் குளிர்விக்கத் தண்ணீர் உதவாது, உருகிய சோடியம் வேண்டும். சோடியம் காற்றுப் பட்டால் தீப்பற்றும், தண்ணீர் பட்டால் வெடிக்கும். 98 டிகிரிக்குக் கீழே போனால் குழாய்க்குள்ளேயே உறைந்துவிடும் என்பதால் அதை எப்போதும் சூடாகவே வைத்திருக்க வேண்டும். தண்ணீரைப் போல அதன் வழியே உள்ளே பார்க்கவும் முடியாது. கல்பாக்கத்தில் 500 மெகாவாட் ஈனுலைக்கு 2004இல் கட்டுமானம் தொடங்கியபோது நம் பொறியாளர்கள் எதிர்கொண்டதும் இதே உலோகத்தைத்தான். ஆகவே டிரவுபேயின் கதையைத் தூரதேசத்துக் கதையாக நீங்கள் படிக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இதை நீங்கள் கேட்டதில் எனக்கு உண்மையாகவே வருத்தம். டிரவுபேக்குத் தெரிந்த ஒரு வழக்கறிஞர் வழியாக 1975 கோடையில் ஹன்ஸ்-யோஆகிம் கிளைன் என்ற இளைஞன் அவர் வீட்டுக்கு வந்து தங்கினான். அந்த டிசம்பரில் வியன்னாவில் எண்ணெய் வள நாடுகளின் அமைச்சர்களைப் பிணையாகப் பிடித்த கும்பலில் அவனும் இருந்தான். அந்த நிலையில் ஓர் அரசு பதறியது இயல்பு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதறிய அரசு என்ன செய்தது என்று பாருங்கள். 1976 ஜனவரித் தொடக்கத்தில் ஓர் இரவு, நீதிமன்ற உத்தரவு எதுவும் இல்லாமல், உளவுத்துறையினர் அவர் வீட்டுக்குள் புகுந்து ஒட்டுக்கேட்கும் கருவியை மறைத்து வைத்தார்கள். அந்த நடவடிக்கைக்கு அவர்கள் சூட்டிய பெயர் 'குப்பை'. நிறுவனத்துக்கும் தகவல் போயிற்று, அவருடைய வேலை போயிற்று. கருவியில் ஒன்றும் சிக்கவில்லை. 1977 பிப்ரவரி இறுதியில் டெர் ஷ்பீகல் இதழ் இதை அம்பலப்படுத்திய பிறகுதான், உள்துறை அமைச்சர் வெர்னர் மைஹோஃபர் அந்த மனிதர் மீது குற்றம் ஏதும் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். மைஹோஃபர் சட்டப் பேராசிரியர், தாராளவாதி. மறுவருடம் ஜூனில் அவர் பதவி விலகினார். அதற்கு உடனடிக் காரணமாக இருந்தது ஒரு கடத்தல் வழக்கின் புலனாய்வுக் கோளாறுதான் என்றாலும், இந்தக் கறையும் அவரை விட்டு நீங்கவில்லை.

நீங்கள் 'சந்தேகப்பட்டதில் என்ன தவறு' என்கிறீர்கள். தவறு சந்தேகத்தில் இல்லை. எந்தத் தொழில்நுட்பத்தை மிக நன்றாக அறிந்தவர்களையே ஓர் அரசு இரவில் வேவு பார்த்தாக வேண்டுமோ, அந்தத் தொழில்நுட்பத்தின் இயல்பில் இருக்கிறது தவறு. அணுகுண்டுக்கும் உதவும் புளுட்டோனியத்தைக் கையாளும் பொறியாளரின் விருந்தாளி யார், அவர் நண்பரின் நண்பர் யார் என்றெல்லாம் தெரிந்துகொள்ளாமல் அந்த அரசால் நிம்மதியாக உறங்க முடியாது. அனல்மின் நிலையப் பொறியாளரின் வீட்டுக்கு யார் வந்தால் அரசுக்கு என்ன? அதே 1977இல் எழுத்தாளர் ராபர்ட் யுங்க் 'அணு அரசு' என்ற சொல்லைப் பரவலாக்கினார். டிரவுபே அந்தச் சொல்லைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. அது அவர் வீட்டுக்குள்ளேயே ஒளிந்திருந்தது. தொழில்நுட்பத்துக்கு அரசியல் எல்லைகள் உண்டு என்று அதன் பிறகு அவர் எழுதியதை, அனுபவித்தவர் எழுதியதாகப் படியுங்கள்.

வஞ்சம் என்கிறீர்கள். வஞ்சம் கொண்டவன் என்ன செய்வான்? மேடையேறிப் பழைய முதலாளிகளைத் திட்டுவான், ஒரு புத்தகம் எழுதுவான், களைத்துப்போவான். டிரவுபே தன் பிற்காலத்தின் பெரும்பகுதியைச் செலவிட்டது வெந்நீர்க் குழாய்களில். ஓர் அணுமின் நிலையம் தான் உண்டாக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்குகிறது. மீதி ஆற்றுக்கோ கடலுக்கோ காற்றுக்கோ போகிறது. மின்சாரத்தையும் வெப்பத்தையும் ஒரே இடத்தில் உண்டாக்கி, அந்த வெப்பத்தை அருகிலுள்ள வீடுகளுக்கே குழாயில் அனுப்பினால் எவ்வளவு எரிபொருள் மிஞ்சும் என்று அவர் நகராட்சிகளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். நம் ஊர் சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சக்கையை எரித்து நீராவி எடுத்து, அதில் டர்பைனை ஓட்டி, டர்பைனிலிருந்து வெளியேறும் நீராவியில் கருப்பஞ்சாற்றைக் காய்ச்சுகிறார்களே, அதே தத்துவம்தான். 1990களில் பிரேமன் பல்கலைக்கழகத்தில் இதற்கான ஆய்வு நிறுவனத்தை நடத்தினார், சுற்றுச்சூழல் அமைப்பான புண்டுக்காக எரிசக்திக் கொள்கையைப் பேசினார். புகழ் தராத, புகைப்படம் எடுக்கத் தோன்றாத வேலை அது. வஞ்சத்தை எரிபொருளாக வைத்துக்கொண்டு ஒருவர் அத்தனை ஆண்டுகள் வெந்நீரைப் பற்றிப் பேச முடியாது நண்பரே.

அவருடைய பழைய உலை 1985இல் கட்டி முடிக்கப்பட்டது. ஒரு நாள்கூட இயங்கவில்லை. ஏறத்தாழ 700 கோடி மார்க் செலவான பிறகு 1991இல் கைவிடப்பட்டது. இன்று அந்த இடம் பொழுதுபோக்குப் பூங்கா. குளிர்விப்புக் கோபுரத்தின் உள்ளே சங்கிலி ராட்டினத்தில் பிள்ளைகள் சுற்றுகிறார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது இதுவல்ல. வேலை போன பிறகே பேசினார் என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிதான் என்னைக் குத்தியது. ஒருவர் என்ன சொன்னார் என்பதை விட்டுவிட்டு, ஏன் சொன்னார், யாருக்காகச் சொன்னார், எப்போது சொன்னார் என்று துருவுவது நமக்குப் பழகிப்போய்விட்டது. கூடங்குளத்தில் இடிந்தகரை மக்கள் கேட்டது, விபத்து நடந்தால் எங்களை எப்படி வெளியேற்றுவீர்கள், கழிவை எங்கே வைப்பீர்கள் என்று. அவர்களுக்குத் திரும்பி வந்த கேள்வி, உங்களுக்குப் பணம் தருவது யார் என்பது. 2012 பிப்ரவரியில் நாட்டின் பிரதமரே ஓர் அறிவியல் இதழின் பேட்டியில் வெளிநாட்டு ஆதரவுள்ள தொண்டு நிறுவனங்களைக் குறை சொன்னார். அதே மாதம் நாகர்கோவிலில் தங்கியிருந்த ஒரு ஜெர்மானியப் பயணி நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார். வெளியே நிற்பவர் கேட்டால் உனக்கு என்ன தெரியும் என்கிறோம். உள்ளே இருப்பவர் கேட்டால் உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்கிறோம். விலகி வந்தவர் கேட்டால் வஞ்சம் என்கிறோம். பிறகு யார்தான் கேட்பது? படித்த பிள்ளையான நீங்களும் இந்த வரிசையில் போய் நிற்கலாமா?

என் அண்ணன் ஐ.டி.ஐ. படித்தவர், ஒரு தொழிற்சாலையில் பாய்லர் ஆபரேட்டர். 1983இல் ஓர் இரவு ஷிப்டில், மிகையான நீராவியை வெளியேற்ற வேண்டிய சேஃப்டி வால்வு அதற்குரிய அழுத்தத்தில் திறக்கவில்லை என்று லாக் புத்தகத்தில் எழுதினார். மறுநாள் அதிகாரி அழைத்தார். முதல் கேள்வியே, "இதை யார் சொல்லி எழுதினீர்கள்?" என்பதுதான். அடுத்த கேள்வி, டீக்கடையில் தினமும் யாருடன் உட்காருகிறீர்கள் என்பது. ஒரு வாரத்தில் அவரை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அவர் நட்டும் போல்ட்டும் எண்ணினார். அதைப் பற்றி ஒரு முறைதான் என்னிடம் பேசினார், அப்போதும் கோபம் இல்லை. "வால்வைப் பத்தி ஒருத்தரும் கேக்கல தம்பி" என்றார்.

சென்ற ஆண்டு அவர் காலமானார். அவருடைய ஐ.டி.ஐ. சான்றிதழின் மடிப்புக்குள், நான்காக மடித்த லாக் தாளின் கார்பன் பிரதி இருந்தது. நீல மை மங்கியிருந்தாலும் தேதி தெரிகிறது, நேரம் இரவு 2.40 என்று தெரிகிறது, அழுத்தத்தின் அளவு தெரிகிறது. தாளின் அடியில் 'பார்வையிட்டவர் கையொப்பம்' என்று அச்சிட்டிருக்கும் இடம் வெறுமையாக இருக்கிறது.

வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சேருங்கள். சோடியத்தைப் பற்றி நான் மேலே எழுதியது ஏட்டறிவுதான். ஓராண்டு கழித்து நீங்கள் கண்ணால் கண்டதை எனக்கு எழுதுங்கள், என் கருத்துக்கு மாறாக இருந்தாலும் அப்படியே வெளியிடுகிறேன்.

அன்புடன்.