பைபாஸ் பேக்கேஜில் அடங்காத செலவு

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. இதயத்தில் மூன்று ரத்தக்குழாய்களிலும் அடைப்பு. பைபாஸ் செய்யச் சொல்லிவிட்டார்கள். டாப்ளர் ஸ்கேனில், மூளைக்குப் போகும் கழுத்து ரத்தக்குழாயும் ஒரு பக்கம் 80% சுருங்கியிருக்கிறது. பக்கவாத அறிகுறி எதுவும் வந்ததில்லை. பைபாஸ் பேக்கேஜ் தொகையைக் காப்பீடு ஏறக்குறைய ஈடுகட்டிவிடும். வைப்புத்தொகையை முறிக்க வேண்டியிருக்குமா?

பதில்: இப்போதே முறிக்க வேண்டாம். ஆனால் மருத்துவமனை முன்கூட்டியே சொல்லும் பேக்கேஜ் தொகையை மொத்தச் செலவாக நினைத்துவிடாதீர்கள். சிக்கலில்லாமல் முடியும் பைபாஸுக்குப் போட்ட கணக்கு அது.

கழுத்து அடைப்பை என்ன செய்யப்போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். அறிகுறி இல்லாத ஒரு பக்கச் சுருக்கம் என்றால் பெரும்பாலும் பைபாஸ் மட்டுமே செய்வார்கள். முன்பே பக்கவாதம் வந்திருந்தாலோ, இரண்டு பக்கமும் அடைத்திருந்தாலோ, கழுத்துக் குழாயையும் திறக்க யோசிப்பார்கள். இரண்டையும் ஒரே மயக்கத்தில் செய்தால் ஒரு பில். கழுத்தில் ஸ்டென்ட் வைத்துவிட்டு, ரத்த உறைவு எதிர்ப்பு மாத்திரைகளோடு சில வாரம் கழித்து பைபாஸ் என்றால் இரண்டு அட்மிஷன், இரண்டு க்ளெய்ம். காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பும் முன்அனுமதி விண்ணப்பத்தில் இரண்டு நோய்களையும் எழுதச் சொல்லுங்கள். ஒன்றை விட்டால் பிற்பாடு அந்தச் செலவுக்குக் கேள்வி வரும்.

அறுவையின்போதோ அடுத்த சில நாட்களிலோ பக்கவாதம் வரும் வாய்ப்பு, கழுத்துக் குழாய் சுருங்கியவர்களுக்குக் கூடுதல். ரத்த அழுத்தம் இறங்கினால் சுருங்கிய குழாய் வழியே மூளைக்குப் போதிய ரத்தம் போகாது. பெருந்தமனியிலிருந்து (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) பெயரும் துணுக்குகளும், அறுவைக்குப் பின் வரும் இதயத் துடிப்புக் கோளாறும் வேறு காரணங்கள். அப்படி நேர்ந்தால் பணம் கரைவது ஐசியுவில் கூடும் நாட்களிலும், அதைவிட, பல மாதம் நீளும் பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, வீட்டு உதவியாளர் சம்பளத்திலும்தான். வீட்டுப் பராமரிப்பைப் பல பாலிசிகள் தருவதில்லை. பேக்கேஜ் எத்தனை ஐசியு நாட்களை அடக்கும், கூடுதல் நாளுக்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். ஆறு மாதப் பராமரிப்புச் செலவைச் சேமிப்புக் கணக்கிலோ, முறித்தால் அபராதமில்லாத வைப்பிலோ வையுங்கள். அது போதவில்லை என்றால் மட்டும் சிறிய வைப்பு ஒன்றை எடுங்கள்.

இன்னொன்றைப் பலரும் தள்ளிப்போடுகிறார்கள். பக்கவாதம் வலது கையையோ பேச்சையோ பாதித்தால் அப்பாவால் கையெழுத்துப் போட முடியாமல் போகலாம். அவர் பெயரில் மட்டும் இருக்கும் பணம் முடங்கக்கூடும். அட்மிஷனுக்கு முன்பே கணக்கை, இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கும் கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். சாதாரண அதிகாரப் பத்திரத்தை (பவர் ஆஃப் அட்டர்னி) மட்டும் நம்பாதீர்கள். எழுதிக்கொடுத்தவர் சுயமாக முடிவெடுக்கும் மனத்திறனை இழந்தால் பல நாடுகளில் அது செல்லாது.