ஈயக்குண்டு – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

சொந்த ஊர் உச்சிப்புளிப் பக்கம். மூன்று வருடமாகப் பெர்த்தில் வேலை பார்க்கிறேன். மேற்கு ஆஸ்திரேலியாவின் தங்கச் சுரங்க ஊரான கல்கூர்லி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் எனக்குத் தங்கம் தேடும் ஆசையே வந்தது. தங்கம் தேடுவதற்கான அனுமதிச் சீட்டு, மைனர்ஸ் ரைட், எடுத்தேன், நல்ல விலை கொடுத்து உலோகம் கண்டுபிடிக்கும் டிடெக்டர் ஒன்று வாங்கினேன். பதினான்கு வார இறுதிகள் போய்விட்டேன். ஆணி, தகரம், தோட்டா ஓடு இவைதான் கிடைத்தன. ஒரு பொட்டுத் தங்கம் இல்லை. அங்கே மூன்று நாள் பயிற்சி வகுப்பு நடக்கிறது, கட்டணம் அதிகம். அதில் சேரலாமா, அந்தப் பணத்துக்குப் பெரிய காயில் (கருவியின் அடியில் மண்ணுக்கு மேல் வீசும் வட்டு) வாங்கலாமா? இப்போது விடுமுறையில் கருவியோடு ஊருக்கு வந்திருக்கிறேன். தனுஷ்கோடியில் நாலைந்து நாள் தோண்டிப் பார்த்தேன். இரும்பை ஒதுக்கும் டிஸ்கிரிமினேஷனை முழுவதும் ஏற்றி வைத்தும் ஒன்றும் தேறவில்லை. மண்டபம் கடலில் கடத்தல்காரர்கள் வீசும் தங்கம் கரை ஒதுங்குமா? அழகன்குளம், பெரியபட்டினம் பக்கம் பழைய காசு கிடைக்கும் என்கிறார்கள். அங்கே பயிற்சி எடுக்கலாமா?

எஸ்.

அன்புள்ள தம்பிக்கு,

மாமாவின் முதல் திதிக்குச் சேதுக்கரை போய்வந்த மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. கீழக்கரைப் பக்கம் நாற்பது வருடம் சங்கு குளித்தவர். பரணில் கிடந்த அவருடைய சங்குப் பையை எடுத்து வெயிலில் போட்டிருந்தேன். நைலான் கயிற்றில் அவரே பின்னிய பை. தண்ணீரில் அது மேலே எழும்பாமல் இருக்க அடியில் ஒரு ஈயக்குண்டு கட்டியிருப்பார். அந்தக் குண்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன். வேறு நாளாக இருந்தால் இரண்டு வரியில் பதில் போட்டிருப்பேன்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். 2023 பிப்ரவரியில் மண்டபம் அருகே கடலில் வீசப்பட்ட 17 கிலோவுக்கு மேற்பட்ட தங்கத்தை முக்குளிப்பவர்களை இறக்கி அரசாங்கமே எடுத்துவிட்டது. தங்கம் தண்ணீரைப் போலப் பத்தொன்பது மடங்கு கனம். விழுந்த இடத்தில் கிடக்கும், கரை ஒதுங்காது. அந்தப் பேச்சை விடுங்கள்.

அழகன்குளம் பக்கம் கருவியோடு போகவே கூடாது. அங்கே தொல்லியல் துறை அகழாய்வு செய்து ரோமானியக் காசும் கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் எடுத்திருக்கிறது. பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் கிடைத்தது. எந்த அடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்று தெரிந்தால்தான் ஒரு காசுக்கு வரலாறு. நீங்கள் பிடுங்கி எடுத்தால் அது வெறும் செம்பு. சட்டமும் இருக்கிறது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் சிறை வரை போகும்.

தனுஷ்கோடி விஷயத்தில் எனக்குக் கோபமே வந்தது. நீங்கள் எழுதியிருப்பது பிப்ரவரியில். பங்குனி ஆமை என்கிற கடலாமை கரையேறி முட்டையிடும் காலம். வனத்துறை ஆட்கள் இருட்டோடு நடந்து அந்தக் குழிகளைத் தேடி, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். அதே மணலை நீங்கள் மண்வெட்டியால் கிளறியிருக்கிறீர்கள். உச்சிப்புளியில் பிறந்த பிள்ளைக்கு இது தெரியாதா? அப்புறம், 1964 டிசம்பர் 22 இரவு புயலில் அந்த ஊர் போனது. ரயிலில் வந்தவர்கள் ரயிலோடு போனார்கள். அந்த மணலில் ஒரு மூக்குத்தி கிடைத்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? எங்கள் அப்பத்தா சாகும்வரை அங்கே செருப்புக் காலோடு நடந்ததில்லை. பயிற்சிக்கு வேறு கரை இருக்கிறது.

சரி, வகுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால், ‘டிஸ்கிரிமினேஷனை முழுவதும் ஏற்றி வைத்தும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. ஏற்றி வைத்ததால்தான் தம்பி.

காயில் மண்ணுக்குள் ஒரு காந்தப் புலத்தை அனுப்புகிறது. உலோகம் இருந்தால் அதில் சின்ன மின்சுழல் உண்டாகி, கொஞ்சம் தாமதமாகப் பதில் வருகிறது. அந்தத் தாமதத்தை வைத்து இது இரும்பு, இது வெள்ளி என்று கருவி ஊகிக்கிறது. பெரிய வெள்ளிக் காசு என்றால் ஊகம் பெரும்பாலும் சரியாக இருக்கும். நீங்கள் தேடும் தங்கம் அரிசி அளவு, பயறு அளவு. சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஜிகினாத் தாள் என்ன சத்தம் கொடுக்குமோ, ஏறக்குறைய அதே சத்தத்தைத்தான் அதுவும் கொடுக்கும். அதுவே கொஞ்சம் ஆழத்தில், கல்கூர்லியின் இரும்புக்கல் நிறைந்த செம்மண்ணுக்குள் கிடந்தால், மண்ணின் சத்தமும் கலந்து கருவிக்கு அது இரும்பாகவே தோன்றும். இரும்பை ஒதுக்கு என்று நீங்கள் சொல்லி வைத்திருக்கிறீர்கள். அது ஒதுக்கிவிட்டது. பதினான்கு வார இறுதிகளில் எத்தனை பயறு உங்கள் காலடியில் கிடந்ததோ, இனி தெரிந்துகொள்ள வழியே இல்லை.

எனக்கு இதை மாமா தண்ணீருக்குள் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. ஏர்வாடிக்குத் தெற்கே, தென்கடல் அடங்கிக் கிடந்த ஒரு காலை. இரண்டு பாகம், அதாவது இரண்டு ஆள் ஆழத் தண்ணீரில் என்னை இறக்கிவிட்டார். கீழே போய்ப் பார்த்தேன். மணல்தான் இருந்தது. ஏறி வந்து ஒன்றும் இல்லை என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் அதே இடத்தில் இறங்கி மூன்று சங்கோடு வந்தார். பூஜையறையில் இருக்கும் வெள்ளைச் சங்கை மனதில் வைத்துக்கொண்டு நான் தேடியிருக்கிறேன். உயிரோடு இருக்கும் சங்கின் மேல் நனைந்த சாக்கு மாதிரிப் பழுப்புத் தோல் மூடியிருக்கும். பாதி உடம்பு மணலுக்குள். அது ஊர்ந்து வந்த தடம் மட்டும், சாணி மெழுகிய தரையில் விரல் இழுத்த மாதிரி, லேசாகத் தெரியும். மாமா ஒவ்வொரு சங்கையும் என் கையில் கொடுத்துக் கண்ணை மூடித் தடவச் சொன்னார். “மேல இருந்துகிட்டே கல்லுன்னு முடிவு பண்ணாத. எதைப் பாத்தாலும் கை வையி. ஆயிரம் கல்லத் தொட்டாத்தான் கல்லு எப்பிடி இருக்கும்னு கைக்குத் தெரியும்” என்றார்.

நாற்பது வருடத்தில் அவருக்கு வலம்புரி ஒரே ஒரு முறை கிடைத்தது. எடுத்தபோது அவருக்கே தெரியாது. கலங்கல் நாள், துழாவித் துழாவிப் பையில் போட்ட ஏழெட்டுச் சங்கில் அதுவும் ஒன்று. படகில் கொட்டியபோது பக்கத்தில் இருந்தவர்தான் கூச்சல் போட்டார். இடம்புரிதானே என்று மாமா ஒரு சங்கையும் விட்டுவிட்டு வந்ததில்லை, அதனால் அதுவும் பையில் இருந்தது. (வியாபாரி அதற்கு என்ன கொடுத்தார் என்று எழுத ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது.)

இதெல்லாம் தெரிந்திருந்தும் கல்கூர்லியில் முதல் எட்டு மாதம் நானும் உங்களைப் போலத்தான் திரிந்தேன். ஒரு நாள் வயதான ஆஸ்திரேலியர் ஒருவர் எனக்குப் பின்னால் அதே வரிசையில் நடந்து வந்தார். நான் தாண்டி வந்த இடத்தில் குனிந்தார். அரை அடி தோண்டினார். மண்ணைப் பிடி பிடியாக அள்ளிக் காயிலுக்கு மேல் காட்டினார். நாலாவது பிடியில் சத்தம் வந்தது. மண்ணை ஊதி, நாலு கிராம் இருக்கும் ஒரு துண்டை என் உள்ளங்கையில் வைத்தார். “இங்கே உனக்கு ஒன்றுமே கேட்கவில்லையா?” என்றார். கேட்டது. உடைந்த, கரகரத்த சத்தம். இரும்பு என்று கருவி சொன்னது, நான் கேட்டுக்கொண்டேன். துண்டை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, அன்று முழுவதும் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளிலிருந்து எல்லாச் சத்தத்தையும் தோண்டினேன். எல்லாவற்றையும். ஆணிதான் கிடைக்கிறது என்று நீங்கள் சலித்துக்கொள்கிறீர்கள். ஆணி என்ன சொல்கிறது என்று கேட்டீர்களா? படுத்துக் கிடக்கும் ஆணியின் மேல் நீளவாக்கில் வீசினால் பெரும்பாலும் இரட்டையாகக் கத்தும். குறுக்கே நின்று வீசினால் ஒற்றையாகிவிடும். ஐம்பது ஆணி தோண்டியவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் போடுங்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அது என்னவாக இருக்கும், எத்தனை விரல் ஆழம் என்று தோண்டுவதற்கு முன்னால் எழுதுங்கள். தோண்டிய பிறகு எழுதினால் மனசு தனக்கு வசதியாகத் திருத்திக்கொள்ளும். எனக்கு முதல் நூறில் பத்துகூடச் சரியில்லை. தொள்ளாயிரத்தைத் தாண்டிய பிறகுதான் சில சத்தங்கள் வேறு மாதிரிக் கேட்க ஆரம்பித்தன. என் முதல் தங்கம் மிளகு அளவுதான், அந்த நோட்டின் மூன்றாவது மாதத்தில் இருக்கிறது.

முதுகு வலிக்கும் என்று எழுதிவிடாதீர்கள். கடலுக்கு அந்தப் பக்கம், மன்னாரிலும் கிளிநொச்சியிலும், 2009இல் போர் முடிந்த பிறகு கண்ணிவெடி அகற்றும் வேலையில் எத்தனையோ தமிழ்ப் பெண்கள் சேர்ந்தார்கள். அவர்கள் கையில் இருப்பதும் டிடெக்டர்தான். காலையில் ஒரு மாதிரித் துண்டின் மேல் கருவியைக் காட்டி, சரியாகச் சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் களத்துக்குள் கால் வைப்பார்கள். சத்தம் வந்தால் அது சோடா மூடியாக இருந்தாலும் மண்டியிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை விலக்கி, என்னவென்று பார்த்தே ஆக வேண்டும். இது வெறும் ஆணியாக இருக்கும் என்று ஒருத்தி தாண்டிப் போக முடியாது. புருஷனையும் பிள்ளையையும் பறிகொடுத்த பெண்கள் வெயிலில், கனத்த கவசம் போட்டுக்கொண்டு, நாள் முழுவதும் இதைச் செய்கிறார்கள். நீங்கள் பொத்தானை அழுத்தி வேலையைக் குறைக்கப் பார்க்கிறீர்கள்.

இங்கே இருக்கும் நாட்களில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வலை வைத்திருப்பவர்களிடம் பழைய ஈயக்குண்டு கேட்டு வாங்குங்கள், கொடுப்பார்கள். அதை வெட்டித் தட்டி அரிசி அளவிலும் பயறு அளவிலும் துண்டு பண்ணுங்கள். தங்கத்துக்குப் பதிலாகப் பழக ஈயம் போதும், அதே அளவுத் துண்டு கிட்டத்தட்ட அதே மாதிரிக் கேட்கும். வீட்டில் யாரையாவது விட்டு, நீங்கள் பார்க்காதபோது கொல்லையில் பத்து இடத்தில் புதைக்கச் சொல்லுங்கள். இன்னும் நாலைந்து இடத்தில் வெறும் குழி தோண்டி மூடட்டும். எங்கே, எத்தனை ஆழம் என்று அவர்களே எழுதி வைத்துக்கொள்ளட்டும். போனைத் திண்ணையில் வைத்துவிட்டு, இரும்பு முனை பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு இறங்குங்கள். பக்கத்தில் இருக்கும் இரும்பே கருவியை ஏமாற்றிவிடும். 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடம்பில் இருந்த குண்டைத் தேட கிரகாம் பெல் ஒரு கருவி செய்து கொண்டுபோனார். கட்டில் மெத்தையில் இருந்த இரும்புக் கம்பிகள் சத்தத்தைக் குழப்பிவிட்டன. குண்டு கிடைக்கவில்லை.

வீச்சு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு உங்கள் அம்மா வாசல் பெருக்குவதைப் பாருங்கள். விளக்குமாறு தரையை விட்டு எழும்பாது. ஒரு வீச்சின் பாதிக்கு மேல் அடுத்த வீச்சு விழும். புதிதாக வருகிறவர்கள் ஊஞ்சல் மாதிரி இரண்டு ஓரத்திலும் தூக்கிவிடுவார்கள். ஓரத்தில் நாலு விரல் தூக்கினால் அந்த இடத்தில் நாலு விரல் ஆழம் போனது. அவசரமாக வீசினாலும் அப்படித்தான். பெரிய காயில் இப்போது வேண்டாம். அது ஆழம் போகும், பயறை விட்டுவிடும்.

கொல்லையில் பத்துக்கு எட்டாவது தேறிய பிறகு வடகடல் பக்கம் போங்கள், அலை அடங்கிய நம் பெண்கடல். வத்தத்தில், அதாவது தண்ணீர் வற்றியிருக்கும்போது, பகல் நேரத்தில். ஈர மணலில் உப்புத் தண்ணீரே மின்சாரம் கடத்துவதால் கருவி சும்மாவே கத்தும். சென்சிட்டிவிட்டியைக் குறைத்து, அந்த மணலின் சத்தம் அடங்கும்படி கருவியைப் பேலன்ஸ் பண்ணி, பொய்ச் சத்தம் எது என்று அங்கே பழகுங்கள். அறுந்த வலைகளின் ஈயம் கரை முழுக்கப் பரவிக் கிடக்காது, ஒரு வரிசையில் சேர்ந்து கிடக்கும். அலை மணலை அள்ளிக்கொண்டு போய்க் கனமானதை அங்கே விட்டுவிடும். யாராவது முழுக்குப் போட்டபோது நழுவவிட்ட மோதிரம் இருந்தால் அதுவும் அந்த வரிசையில்தான் இருக்கும். கிடைத்தால் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது அந்த வரிசையை அடையாளம் காணும் கண். கல்கூர்லியின் காய்ந்த ஓடைகளிலும் கனமானது இப்படித்தான் ஒதுங்கும். தோண்டிய குழியை மூடிவிட்டு வாருங்கள், அங்கே பாசி எடுக்கும் பெண்கள் இருட்டோடு நடப்பார்கள்.

வகுப்புக்குப் போவதென்றால் அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

எத்தனை நாள் லீவு என்று நீங்கள் எழுதவில்லை. அமாவாசை கழிந்து ஒரு நாள் காலையில் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். மாமாவின் பையில் இருந்த ஈயக்குண்டை அவிழ்த்துக் கொல்லையில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்து வைக்கிறேன். எங்கே என்று சொல்ல மாட்டேன். அந்தக் கொல்லையில் ஆணியும் தகரமும் நிறையக் கிடக்கின்றன, எல்லாவற்றையும் தோண்ட வேண்டியிருக்கும். மத்தியானம் இங்கேயே சாப்பிடலாம். குண்டை எடுத்ததும் என்னிடம் கொடுத்துவிடுங்கள், திரும்பப் பையில் கட்ட வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்