ஸ்ட்ரெய்ட்டனரை நிறுத்தினால் முடி பழையபடி ஆகுமா?

கேள்வி: எனக்கு 27 வயது. ஐ.டி. நிறுவனத்தில் வேலை. பிறவியிலேயே அலை அலையான முடி. ஐந்து வருடமாக வாரத்துக்கு ஐந்து நாள் ஸ்ட்ரெய்ட்டனர் போடுகிறேன். காலை அவசரத்தில் தலை சரியாகக் காயாமலே போட்டதும் உண்டு. இப்போது தோளுக்குக் கீழே முடி வறண்டு, சொரசொரவென்று கிடக்கிறது. நுனிப்பக்கம் வெள்ளைப் புள்ளிகள். இழுத்தால் அந்த இடத்திலேயே ஒடிகிறது. இரண்டு தடவை நிறுத்திப் பார்த்தேன். மூன்றாவது வாரமே தலை பறந்து நிற்க, திரும்பவும் கையில் எடுத்துவிட்டேன். பார்லரில் கெரட்டின் ட்ரீட்மென்ட் செய்தால் சரியாகும் என்கிறார்கள். அம்மா, “தேங்காய் எண்ணெய் வை, போதும்” என்கிறார். நான்கு மாதத்தில் தங்கைக்குக் கல்யாணம். என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை.

பதில்: அன்புத் தோழிக்கு,

இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது முதலிலேயே தெளிவாக இருக்க வேண்டும். தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடிக்கு உயிர் கிடையாது. காயம் ஆறுவதுபோல அது ஆறாது. இனி முளைப்பது நன்றாக வரும். ஏற்கெனவே கெட்டதை, வெட்டி எடுக்கும் நாள் வரை ஒடியாமல் பார்த்துக்கொள்ளலாம். எந்த எண்ணெயும் எந்த சீரமும் இதற்கு மேல் செய்யாது. முடி மாதத்துக்குச் சுமார் ஒன்றேகால் சென்டிமீட்டர் வளரும். உச்சியிலிருந்து தோள் வரை முழுக்கப் புது முடி வர இரண்டு, இரண்டரை வருடம் ஆகும்.

நீங்கள் எழுதிய வெள்ளைப் புள்ளிகளைச் சொல்கிறேன். ஒடிந்த ஒரு முடியை எடுத்துக் கறுப்புத் துணி மேல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். புள்ளி இருக்கும் இடம் லேசாகப் புடைத்திருக்கும். முடியின் மேல்பக்கத்தில் மீன் செதில்போல அடுக்கடுக்காக ஒரு கவசம் உண்டு. அந்தக் கவசம் தேய்ந்துபோய், உள்ளே இருக்கும் நார்கள் பிரிந்து விரிந்து நிற்பதைத்தான் புள்ளியாகப் பார்க்கிறீர்கள். முடி மடங்குவதும் ஒடிவதும் அங்கேதான். இதற்குக் காரணம் சூடு மட்டுமில்லை. ஈரத்தோடு சேர்ந்த சூடு. உலர்ந்த முடியின் கெரட்டின் புரதம் 230 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் அடியோடு குலையும். 200-ஐ நெருங்கும்போதே சேதம் வேகமெடுத்துவிடும். முடி நனைந்திருந்தால் இந்த எல்லை 150 வாக்கில் இறங்கிவிடுகிறது. பல மெஷின்கள் 230 வரை போகும். ஈரம் இருக்கும் முடியில் பிளேட்டை வைத்ததும் ‘சுர்’ரென்று சத்தம் வந்து ஆவி கிளம்புமே, அப்போது முடிக்கு உள்ளே இருக்கும் தண்ணீரும் கொதிக்கிறது. அந்த ஆவி வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே குமிழிகளாக நின்றுவிடும். குமிழி விழுந்த முடி உள்ளே பஞ்சாகிவிடும். அதை ஒட்டவைக்க வழியில்லை.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். சீப்பில் வருவது ஒடிந்த முடியா, உதிர்ந்த முடியா? ஒரு முனையில் சின்னதாக வெள்ளை முண்டு இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. நீளம் குறைவாக, இரண்டு முனையும் மொட்டையாக இருந்தால் ஒடிந்தது. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வேரோடு உதிர்வது இயல்பு. அதற்கு மேல் கொத்துக் கொத்தாக வந்தால், அல்லது வகிடு அகன்றுகொண்டே போனால், அதற்கும் ஸ்ட்ரெய்ட்டனருக்கும் சம்பந்தம் குறைவு. தோல் மருத்துவரைப் பாருங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் சேர்ந்திருக்கும் இரும்புச்சத்தின் அளவு), தைராய்டு மூன்றையும் பெரும்பாலும் பார்க்கச் சொல்வார்கள். நடுவில் பயோட்டின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், ரத்தம் கொடுக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தைராய்டு முடிவையே அது தப்பாகக் காட்டிவிடக்கூடும்.

இரண்டு தடவையும் மூன்றாவது வாரத்தில் ஏன் தோற்றீர்கள் என்பதுதான் உங்கள் கடிதத்தில் முக்கியமான விஷயம். மூன்று வாரத்தில் ஒரு சென்டிமீட்டர்கூடப் புது முடி வந்திருக்காது. அப்படியென்றால் பறந்து நின்றது பழைய முடிதான். ஸ்ட்ரெய்ட்டனர் தரும் நேர்ப்பு தண்ணீர் பட்டதும் போய்விடும். உங்கள் அலை திரும்பி வரும். ஆனால் நுனியில் புரதம் சிதைந்த பகுதிக்கு வளையும் தெம்பு இல்லை. மேலே அலை, கீழே குச்சி. அதுவே பாதிக் காரணம். மீதி, நேர் முடிக்குச் செய்வதையே அலை முடிக்கும் செய்ததாக இருக்கும்: காய்ந்த பிறகு சீப்பு போடுவது, துண்டால் அடித்து உலர்த்துவது. அலை முடியைக் காய்ந்த பிறகு வாரினால் யாருக்குமே பறக்கத்தான் செய்யும். அது கோளாறு இல்லை. மெஷினை நிறுத்தும் அன்றே பராமரிப்பையும் மாற்றினால் மூன்றாவது வாரத்தைத் தாண்டிவிடுவீர்கள்.

முதல் வேலை, வெட்டுவது. வெள்ளைப் புள்ளிகள் எங்கே தொடங்குகின்றனவோ, அதற்கு இரண்டு விரல் மேலே வெட்டச் சொல்லுங்கள். மனசு கேட்காவிட்டால் இப்போது பாதி, இரண்டு மாதம் கழித்து மீதி. பிளவுபட்ட நுனியை அப்படியே விட்டால் பிளவு மேலே ஏறும். ரேஸரால் வெட்டுவதும், அடர்த்தியைக் குறைக்கும் பல்வைத்த கத்தரியும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரண்டுமே நுனியைச் சீவிவிடும். அதன்பிறகு பத்து வாரத்துக்கு ஒருமுறை ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் வெட்டினால் போதும். அதற்குள் வளர்வது மூன்று சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும் என்பதால் நீளமும் குறையாது.

அம்மா சொன்னதில் உண்மை இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் இருக்கும் லாரிக் அமிலம் முடிக்கு உள்ளே இறங்கக்கூடியது. குளிக்கும்போது முடி தண்ணீரை உறிஞ்சி ஊதுவதையும் புரதத்தை இழப்பதையும் அது குறைக்கிறது. 2003-இல் வெளிவந்த ஒரு இந்திய ஆய்வில் மினரல் ஆயிலும் சூரியகாந்தி எண்ணெயும் இந்த வேலையைச் செய்யவில்லை. ஆனால் வைக்க வேண்டியது குளிப்பதற்கு முன்னால், அதுவும் முடியின் நீளத்தில். இரண்டு டீஸ்பூன் எண்ணெயைக் காது மட்டத்திலிருந்து நுனி வரை தடவி, ஒரு மணி நேரமாவது விட்டுக் குளியுங்கள். பொடுகு இருந்தால் தலைத்தோலில் ராத்திரி முழுக்க எண்ணெய் ஊற விடாதீர்கள், பொடுகு கூடும்.

வாரம் இரண்டு தடவை தலைக்குக் குளித்தால் போதும். ஷாம்பு தலைத்தோலுக்கு மட்டும். நீளத்தில் தனியாகத் தேய்க்க வேண்டாம், அலசும்போது வழியும் நுரையே போதும். பிறகு தண்ணீரைப் பிழிந்துவிட்டு, கிட்டத்தட்ட 15 மி.லி. கண்டிஷனரை நீளத்தில் தடவி, அது இருக்கும்போதே பெரிய பல் சீப்பால் சிக்கெடுங்கள். நுனியில் தொடங்கி மேலே ஏறி வர வேண்டும். நனைந்த முடி எளிதில் நீளும், மேலிருந்து இழுத்தால் புள்ளி விழுந்த இடத்தில் அறுந்துபோகும். வாரத்தில் சீப்பு போடுவது இந்த இரண்டு வேளை மட்டும்தான். சிக்கெடுத்ததும் மூன்று நிமிடம் விட்டு அலசுங்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் சிறுவாணித் தண்ணீர் வருகிறதென்றால் கவலை இல்லை. போர்வெல் உப்புத் தண்ணீரில் குளித்தால், அதிலிருக்கும் கால்சியம் சேதமான முடியில்தான் அதிகம் ஒட்டும். எவ்வளவு கண்டிஷனர் போட்டாலும் சொரசொரப்பு போகாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். முழுக் குளியலையும் நல்ல தண்ணீரில் செய்ய முடியாவிட்டாலும், கடைசி இரண்டு சொம்பை நல்ல தண்ணீராக ஊற்றுங்கள். மாதம் ஒருமுறை ‘கிலேட்டிங்’ என்று போட்ட ஷாம்பு பயன்படுத்தினால் படிந்த உப்பும் இறங்கும். சீயக்காய்த் தூளை இந்த ஒரு வருடம் ஒதுக்கி வையுங்கள். நல்ல முடிக்கு ஒன்றும் செய்யாது, கவசம் போன முடியில் அந்தத் தூள் உரசிச் சிக்கை அதிகமாக்கும். அரப்பு பிடிக்குமென்றால் வடித்த கஞ்சியில் கரைத்து, துணியில் வடிகட்டிப் போடுங்கள். முட்டை வேண்டாம். அதன் புரதம் முடிக்குள் நுழைய முடியாத அளவு பெரியது. மேலே படிந்து நாற்றம்தான் மிஞ்சும்.

குளித்ததும் ஈரிழைத் துண்டால் கொத்துக் கொத்தாகப் பிடித்து அழுத்தி ஈரத்தை எடுங்கள். தேய்க்காதீர்கள், முறுக்காதீர்கள். ஈரம் சொட்டாத நிலையில் ஆளி விதை ஜெல் போட வேண்டும். உங்கள் பறக்கும் முடிக்கு நேரடி மருந்து இதுதான். இரண்டு மேசைக்கரண்டி ஆளி விதையை இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு, மிதமான தீயில் அடிப்பிடிக்காமல் கிளறுங்கள். எட்டு, பத்து நிமிடத்தில் முட்டை வெள்ளைக்கரு பதத்துக்கு வரும். கரண்டியைத் தூக்கினால் நூலாக இறங்க வேண்டும். உடனே இறக்கி, சூடாக இருக்கும்போதே மெல்லிய துணியில் வடித்துவிடுங்கள். ஆறிவிட்டால் விதையை விட்டுப் பிரியவே பிரியாது. அதிகம் கொதித்துக் கெட்டியாகிப்போனால் முடியில் வெள்ளைச் செதிலாக உதிரும், கொஞ்சம் வெந்நீர் விட்டுத் தளர்த்திக்கொள்ளலாம். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். வாடை மாறினால் கொட்டிவிடுங்கள். ஒரு மேசைக்கரண்டி எடுத்து உள்ளங்கையில் பரப்பி, நீளத்தில் தடவி, நுனியிலிருந்து மேல்நோக்கிக் கசக்கி விடுங்கள். அதன்பின் காயும் வரை கை வைக்கக் கூடாது. பாதி காய்ந்ததைக் கலைத்தால் அலை உடைந்து பறக்கத் தொடங்கும். காய்ந்ததும் மொடமொடவென்று இருக்கும். இரண்டு சொட்டு எண்ணெயைக் கையில் தேய்த்துக்கொண்டு மெதுவாகக் கசக்கினால் அந்த விறைப்பு போய் அலை மட்டும் நிற்கும்.

ஹேர் டிரையரையும் தூக்கிப் போட வேண்டுமா? வேண்டாம். 2011-இல் வெளியான ஒரு கொரிய ஆய்வில், டிரையரை 15 செ.மீ. தள்ளிப் பிடித்து அசைத்துக்கொண்டே காயவைத்தபோது காற்றின் சூடு 47 டிகிரிதான் இருந்தது, 5 செ.மீ.-க்குக் கொண்டுபோனதும் 95. மேல்பரப்புத் தேய்மானம் டிரையரில்தான் கூடுதல். ஆனால் நெடுநேரம் ஈரமாகவே இருந்த முடிக்கு உள்ளே, செதில்களைப் பிணைக்கும் பகுதி பாதிக்கப்பட்டிருந்தது. அதனால் ஈரத் தலையோடு படுப்பதும், கொண்டை போட்டு ஹெல்மெட் மாட்டுவதும் நல்லதல்ல. குளிர்காற்று அல்லது குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து முக்கால்வாசி காயவைத்து, மீதியைத் தானாகக் காய விடுங்கள். சாம்பிராணிப் புகையில் உலர்த்தும் வழக்கம் இருந்தால், கனல் மேலேயே முடியை விரிக்காதீர்கள். அதுவும் நேர்ச் சூடுதான்.

அலுவலகத்துக்குப் போகும் நாட்களில், முந்தின ராத்திரி நன்றாகக் காய்ந்த முடியை இரண்டு தளர்வான பின்னலாகப் போட்டு, சாட்டின் உறை போட்ட தலையணையில் படுங்கள். காலையில் விரலால் மட்டும் பிரித்தால் மேலும் கீழும் ஒரே மாதிரி அலை கிடைக்கும். குச்சியாக நிற்கும் நுனியை மறைக்க இது நல்ல வழி. நேரமில்லாத நாளில் ஜெல்லை முன்பக்கம் தடவிப் படியவைத்து, கழுத்தருகே தாழ்ந்த கொண்டை. ரப்பர் பேண்டுக்குப் பதில் துணி சுற்றிய பேண்ட். இறுக்கி இழுத்துக் கட்டினால் நெற்றியோரத்தில் முளைக்கும் புது முடியே அறுந்துபோகும். மூன்றாவது, நான்காவது மாதத்தில் உச்சியில் குட்டி முடிகள் எழுந்து நிற்கும். அவை நல்ல முடி, ஜெல் தொட்டுப் படியவைத்தால் போதும்.

கெரட்டின் ட்ரீட்மென்ட் வேண்டாம். பூசிய கலவையை முடியோடு பிடிக்கவைக்க, பார்லரில் பொதுவாக 230 டிகிரி வரையான பிளேட்டால் திரும்பத் திரும்ப இழுப்பார்கள். விட்டுவிட நினைப்பதையே ஒரே நாளில் பல மடங்காக வாங்கிக்கொள்வதாகிவிடும். முதல் சில வாரம் தெரியும் பளபளப்பு மேற்பூச்சு. பல கலவைகள் சூடேறும்போது ஃபார்மால்டிஹைடு வெளியிடும். 2004-லிருந்து உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியிருக்கிறது. ‘ஃபார்மால்டிஹைடு இல்லாதது’ என்று விற்பவை சிலவற்றில் கிளையாக்ஸிலிக் அமிலம் இருக்கும். அந்த வகை ட்ரீட்மென்டுக்குப் பின் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட பெண்களைப் பற்றி அண்மை ஆண்டுகளில் மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன. யாராவது வற்புறுத்தினால் பாட்டிலின் லேபிளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

கல்யாணத்துக்கு வருவோம். நான்கு மாதத்தில் ஐந்து சென்டிமீட்டர் புது முடி வந்திருக்கும், மோசமான நுனி போயிருக்கும். பூ வைத்த கொண்டைக்கோ சவுரி வைத்த பின்னலுக்கோ ஸ்ட்ரெய்ட்டனர் தேவையே இல்லை. உண்மையான ஆபத்து மேக்கப் செய்பவரிடம் இருக்கிறது: கொண்டை எடுப்பாக நிற்க வேர்ப்பக்கம் கிரிம்பிங் மெஷின் (சூட்டால் முடியை நெளிநெளியாக்குவது) வைத்து, எதிர்ப்பக்கமாக வாரி, ஸ்ப்ரே அடிப்பார்கள். நீங்கள் காத்து வளர்த்த புது முடி சரியாக அந்த இடத்தில்தான் இருக்கும். முன்பணம் கொடுக்கும்போதே கிரிம்பிங் வேண்டாம், உள்ளே ஸ்டஃபிங் (கொண்டையை எடுப்பாக்கும் திணிப்பு) வைத்துக் கொண்டை போடுங்கள் என்று பேசிவிடுங்கள். முன்பக்கம் ஒரு சுருளாவது வேண்டும் என்று ஆசைப்பட்டால், முழுக்கக் காய்ந்த முடியில் வெப்பப் பாதுகாப்பு ஸ்ப்ரே அடித்து, அதுவும் காய்ந்த பிறகு, 160 டிகிரியில் ஒரே இழுப்பு. ஒரு நாளைக்கு அது பரவாயில்லை. சவுரியின் கனத்தைக் கொண்டையில் ஏற்றிப் பின் குத்தச் சொல்லுங்கள், நெற்றியோர முடியில் தொங்கக் கூடாது. ராத்திரி எவ்வளவு அசதியாக இருந்தாலும் ஸ்ப்ரே அடித்த தலையில் காய்ந்த சீப்பை வைக்காதீர்கள். பின்களை எடுத்துவிட்டு, கை நிறையத் தேங்காய் எண்ணெய் தடவி, அரை மணி நேரம் ஊறவிட்டு, விரலால் பிரித்த பிறகு ஷாம்பு போடுங்கள்.