வாகன வினா–விடை: பெரிய காரைப் பின் சீட்டிலிருந்து பாருங்கள்

கேள்வி: 2009 லிங்கன் டவுன் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஆறு ஆண்டுகள் விமான நிலைய லிமோவாக ஓடியது. 2,30,000 கி.மீ. வாங்கும் முன் எப்படிச் சோதிப்பது?
*– வாசகர், ஸ்கார்பரோ*

கிலோமீட்டரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். லிமோ வண்டி ஓடும் நேரத்துக்கு இணையாக நின்றும் இருக்கும். வெயிலுக்கு ஏசி, பனிக்கு ஹீட்டர் என்று இன்ஜின் அணையாது. ஒரு மணி நேரம் நின்றபடி ஓடினால் அதைச் சுமார் 53 கி.மீ. ஓட்டமாகக் கொள்ள வேண்டும் என்பது லிங்கனின் தாய் நிறுவனமான ஃபோர்டு, போலீஸ் வண்டிகளுக்குச் சொன்ன கணக்கு. ஆண்டுக்கு 1,000 மணி நேரம் நின்றிருந்தாலே 53,000 கி.மீ. கூடிவிடும். ஆயில் மாற்றிய பில்களைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

இனி வண்டிக்கு வருவோம். 2009 மாடல் உங்கள் ஒன்டாரியோவிலேயே, செயின்ட் தாமஸ் ஆலையில் செய்தது. தனிச் சேசிஸ் மேல் பாடி, முன்னால் 4.6 லிட்டர் வி8, பின்னால் ஒரே துண்டு ஆக்சில், அதைத் தாங்கும் இரண்டு காற்றுப்பைகள். சொகுசு பெரும்பாலும் அந்தப் பைகளில்தான் இருக்கிறது. பெரிய செலவும் அங்கேதான்.

மாலையில் வண்டியை நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்து, பின் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரு பக்கமும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். (நிறுத்தியதும் சிஸ்டம் கொஞ்ச நேரம் உயரத்தைத் தானாகவே சரிசெய்யும், அதனால்தான் இந்தக் காத்திருப்பு.) மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்யும் முன் மறுபடி அளங்கள். 2 செ.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால் காற்று கசிகிறது. சோப்புத் தண்ணீரைப் பையின் மடிப்புகளிலும், மேலே சாலினாய்டு வால்வு (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு) செருகியிருக்கும் இடத்திலும் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். வால்வின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) என்றால் சில டாலர் வேலை. ரப்பர் மடிப்பில் வெடிப்பு என்றால் இரண்டு பையையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரே வயதுப் பைகள், அடுத்ததும் சீக்கிரம் போகும்.

பலர் செய்யும் தவறு, கசிவைத் தேடாமல், பைகளுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை மட்டும் மாற்றுவது. கசிவு இருக்கும்வரை கம்ப்ரஸர் ஓயாமல் ஓடிச் சூடேறும். புதியதும் பழையதன் வழியே போய்விடும். இன்னொன்று: ஜாக்கி போடும் முன் டிக்கிக்குள் இருக்கும் ஏர் சஸ்பென்ஷன் சுவிட்சை அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால், தொங்கும் ஆக்சிலைப் பார்த்து ‘வண்டி உயர்ந்துவிட்டது’ என்று சிஸ்டம் காற்றை வெளியேற்றும். பிறகு வண்டியை இறக்கும்போது பை தாறுமாறாக மடிந்து கிழியும்.

‘பையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் காயில் ஸ்பிரிங் போடலாம், மலிவு’ என்பார்கள். மலிவுதான். மூன்று பேரும் நான்கு பெட்டியும் ஏறினால் பின்பக்கம் தாழ்ந்து, ஹெட்லைட் மரக்கிளையைப் பார்க்கும். எங்கள் ஓட்டு காற்றுப்பைக்கே.

அடுத்து ஓட்டம். முதலில் நீங்கள் ஓட்டாதீர்கள். வேறொருவரை ஓட்டச் சொல்லிப் பின் சீட்டின் வலது பக்கம் உட்காருங்கள். பயணிகள் அதிகம் தேய்த்த இடம் அது. குறுக்காகப் போகும் ரயில்வே கிராஸிங்கை 40 கி.மீ. வேகத்தில் கடக்கச் சொல்லுங்கள். வால் ஒருமுறை அசைந்து அடங்க வேண்டும். இரண்டு மூன்று முறை துள்ளினால் ஷாக் அப்ஸார்பர் முடிந்தது. லேன் மாறும்போது பின்பாகம் மட்டும் தாமதமாகப் பக்கவாட்டில் இழுபட்டு ‘டொக்’ என்றால், ஆக்சிலை நடுவில் பிடித்திருக்கும் வாட்ஸ் லிங்கேஜின் புஷ் தேய்ந்திருக்கும்.

பிறகு நீங்கள் ஓட்டுங்கள். 65–80 கி.மீ. வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை இலேசாக மட்டும் மிதித்து, சீராகப் போங்கள். சாலையோர எச்சரிக்கைப் பள்ளங்களில் ஏறியதுபோல் ஒரு நடுக்கம் வந்தால் டார்க் கன்வெர்ட்டர் லாக்-அப்பை (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் வழுக்காமல் நேரடியாகப் பூட்டும் கிளட்ச்) சந்தேகியுங்கள். இடது காலால் பிரேக் பெடலைத் தொட்டும் தொடாமல் தொடுங்கள், லாக்-அப் விடுபடும். நடுக்கம் அந்த நொடியே நின்றால் சந்தேகம் வலுக்கிறது. நிற்கவில்லையென்றால் ஸ்கேனர் போட்டு எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது (சரியாக எரியவில்லை) என்று பாருங்கள். எட்டு பிளக்குக்கும் தனித்தனி இக்னிஷன் காயில் இருப்பதால் ஒன்று பழுதானாலும் இதே போல் நடுங்கும். கன்வெர்ட்டர்தான் என்றால் கியர்பாக்ஸின் மெர்கான் வி எண்ணெயை முழுவதும் மாற்றிப் பாருங்கள். அடித்தட்டை மட்டும் கழற்றினால் பழைய எண்ணெயில் பாதிகூட வராது.

கடைசியாக, லிப்டில் ஏற்றி சேசிஸையும் பிரேக் பைப்புகளையும் ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பாருங்கள். குளிர்காலத்தில் உப்பு தூவும் பகுதிகளில் ஓடிய 2005–2011 டவுன் கார்களை, ஸ்டியரிங் ஷாஃப்ட் துருப்பிடிப்பதற்காக ஃபோர்டு 2013இல் திரும்ப அழைத்தது. வண்டியின் வின் எண்ணை (அடையாள எண்) கொடுத்து, அந்த வேலை முடிந்ததா என்று டீலரிடம் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: 4.6 லிட்டர் இன்ஜினுக்கு வெறும் 239 குதிரைத்திறன்தானா? இன்றைய 2 லிட்டர் டர்போவே அதைத் தருகிறதே!
*– வாசகர், நியூ ஜெர்சி*

தருகிறது. ஆனால் டவுன் கார் கிட்டத்தட்ட 2 டன் எடை, கியரும் நான்குதான். சிக்னலில் நீங்கள் யாரையும் தோற்கடிக்கப் போவதில்லை. கவனிக்க வேண்டியது, சுமார் 390 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை சத்தமே இல்லாமல் வருவதை.

நான்கு பேரை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலை நுழைவுப் பாதையில் 60இலிருந்து 100க்குப் போங்கள். மிதித்ததும் கியர் இறங்க ஒரு கணம் தயங்கும். அது இந்தக் கியர்பாக்ஸின் சுபாவம், கோளாறு அல்ல. இறங்கும்போது இன்ஜின் உறுமி, இழுவை வராமல் வழுக்கினால்தான் கோளாறு.

கேள்வி: இதற்கு 20 அங்குல ரிம் போடலாமா?
*– வாசகர், மிஸிஸாகா*

போடாதீர்கள். கம்பெனி டயர் 225/60ஆர்17. அதன் சுவர் உயரம் 225இல் 60 சதவீதம், அதாவது 135 மி.மீ. நீங்கள் 245/40ஆர்20 போட்டால் மொத்த விட்டம் ஏறக்குறைய அதேதான், ஸ்பீடோமீட்டர் கூட ஒத்துப்போகும். ஆனால் சுவர் 98 மி.மீ. ஆகிவிடும். குழியை முதலில் விழுங்குவது டயர் சுவர்தான், அப்புறம்தான் காற்றுப்பை. அதில் 37 மி.மீ. வெட்டியபின் சொகுசு போய்விட்டதே என்று வருந்திப் பயனில்லை. குளிர்காலக் குழிகளில் ரிம் வளைவது தனிக் கணக்கு.

கேள்வி: சாதாரண பெட்ரோல் போதுமா?
*– வாசகர், பிராம்ப்டன்*

87 ஆக்டேன் போதும். பிரீமியம் போடுவது வீண்.

கேள்வி: கடிலாக் டிடிஎஸ், 2017 லிங்கன் கான்டினென்டல் – எது?
*– வாசகர், மிச்சிகன்*

இரண்டும் அடிப்படையில் முன்சக்கர இழுவை என்பதால் பனியில் டவுன் காரைவிட நிதானம். டிடிஎஸ்ஸின் நார்த்ஸ்டார் வி8 பட்டுபோல் ஓடும். ஆனால் பழைய நார்த்ஸ்டார்களில் அலுமினிய பிளாக்கில் ஹெட் போல்ட்டின் மரை கழன்று கேஸ்கட் போன வரலாறு உண்டு. பின்னாளில் போல்ட்டை மாற்றிச் சீர்செய்தார்கள். இருந்தாலும் சோதிப்பது நல்லது. வண்டியைச் சூடாக்கி, கூலன்ட் தொட்டி வாயில் நீலத் திரவச் சோதனைக் குழாயை வையுங்கள். நீலம் மஞ்சளானால் சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்டில் கலக்கிறது. அங்கேயே விட்டுவிடுங்கள்.

கான்டினென்டலில் இன்ஜினைப் பார்த்து வாங்குங்கள். 3.0 லிட்டர் இரட்டை டர்போ 400 குதிரைத்திறன். காசு இருந்தால் அதுதான். 3.7 லிட்டர் வி6இல் வாட்டர் பம்ப், டைமிங் செயினால் சுழலும்படி இன்ஜினுக்கு உள்ளேயே இருக்கிறது. அது கசிந்தால் கூலன்ட் ஆயிலில் கலந்து பேரிங்கைத் தின்னும். டிப் ஸ்டிக்கில் பால் காப்பி நிறம் தெரிகிறதா, ஆல்டர்னேட்டர் பக்கம் கூலன்ட் காய்ந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். பம்ப் மாற்றியதாகச் சொன்னால் பில்லைக் கேளுங்கள். டைமிங் கவரைத் திறக்காமல் அந்த வேலை நடக்காது. எனவே பில்லில் அந்தக் கவரைத் திறந்த வேலை இல்லாவிட்டால் சொன்னதை நம்ப வேண்டாம்.