ஒரு கண்ணுக்குப் பின்னால் மட்டும் விடாத வலி

கேள்வி: எனக்கு 37 வயது. இரண்டு மாதமாக வலது கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது. கண் சிவப்பதில்லை, பார்வையும் நன்றாகவே இருக்கிறது. கண்ணாடி மாற்றிப் பார்த்தேன். சைனஸ் என்று மாத்திரை கொடுத்தார்கள். இரண்டிலும் குறையவில்லை. வாரத்தில் ஐந்து நாளாவது வலி மாத்திரை போட வேண்டியிருக்கிறது. மூளையில் கட்டியாக இருக்குமோ?

பதில்: உங்கள் பயம் புரிகிறது. ஆனால் வேறு எந்த அறிகுறியும் இல்லாமல், கண்ணுக்குப் பின்னால் வலியை மட்டும் தரும் மூளைக்கட்டி அரிது. கண், நெற்றி, மூக்கின் உட்பகுதி, மூளையை மூடியிருக்கும் சவ்வின் பெரும்பகுதி எல்லாவற்றுக்கும் உணர்ச்சி தருவது ட்ரைஜெமினல் என்ற ஒரே நரம்புதான். மேல் கழுத்தின் நரம்புகளும் மூளைத்தண்டில் இதோடு வந்து சேர்கின்றன. அதனால் கோளாறு எங்கே இருந்தாலும் வலி கண்ணுக்குப் பின்னால் தெரியலாம். வலிக்கும் இடத்தைவிட, அது எவ்வளவு நேரம் இருக்கிறது, கூடவே என்ன வருகிறது என்பதுதான் எனக்கு அதிகம் உதவும்.

நீங்கள் எழுதியதைப் படித்ததும் முதலில் தோன்றியது மைக்ரேன். மருந்து எடுக்காவிட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். குமட்டும், வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது, படுத்துவிடத் தோன்றும். மைக்ரேனில் மூக்கு அடைத்துக்கொண்டு கண்ணில் நீர் வடிவதும் உண்டு. அதனாலேயே பலருக்கு அது சைனஸ் என்று சொல்லப்பட்டு, தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் போய்க்கொண்டிருக்கும். காய்ச்சல், கெட்டியான மஞ்சள் சளி, வாசனை தெரியாமை இவை ஒன்றும் இல்லாத வலிக்கு சைனஸ் என்று பெயர் வைக்க நான் தயங்குவேன்.

கிளஸ்டர் தலைவலி வேறு மாதிரி. 15 நிமிடத்திலிருந்து 3 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பெரும்பாலும் தினமும் அதே நேரத்தில், தூக்கத்திலிருந்து எழுப்பும். அந்தப் பக்கக் கண் சிவந்து நீர் வழியும், இமை தொங்கும், ஒரு இடத்தில் உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருப்பார்கள். இதற்கு முகமூடி வழியாக ஆக்சிஜன் கொடுத்தால் நன்றாகக் கேட்கும். அப்புறம், ஒரு பக்கம் மட்டும் மாதக்கணக்கில் முழுதாக விடாமல், ஏறி இறங்கி வலிக்கும் ஹெமிக்ரேனியா கன்டினுவா என்று ஒன்று உண்டு. இண்டோமெதாசின் மாத்திரையில் அது அடங்கிவிடும், ஆனால் டாக்டர் கண்காணிப்பில்தான் அதை எடுக்க வேண்டும்.

கண் பக்கமாகவும் பார்க்க வேண்டும். கண்ணை அசைக்கும்போது வலி கூடுகிறதா? ஒரு கண்ணை மூடி மாற்றி மாற்றி ஒரு சிவப்புப் பொருளைப் பாருங்கள். வலது கண்ணில் நிறம் வெளிறித் தெரிந்தால் பார்வை நரம்பு வீக்கமாக இருக்கலாம், ஓரிரு நாளில் காட்டிவிடுங்கள். கண்ணின் வெள்ளைச் சுவருக்குப் பின்புறம் வரும் அழற்சி, கண் சிவக்காமலேயே ஆழமாக வலிக்கும். மூட்டுவாதம் உள்ளவர்கள் இதை மறக்கக் கூடாது.

சில நேரங்களில் அன்றைக்கே ஓட வேண்டும். கண் சிவந்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்து, வாந்தியும் வந்தால் அது கண் அழுத்தம் திடீரென ஏறும் கிளாக்கோமா. இமை தொங்கி, பொருள் இரண்டாகத் தெரிந்து, கருவிழிப் பாவை விரிந்திருந்தால் மூளை ரத்தக்குழாய் வீக்கமாக இருக்கலாம். நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலி, காய்ச்சலோடு கண் வெளியே தள்ளுவது, கை கால் மரத்துப்போவது இவற்றுக்கும் அன்றைக்கே ஓட வேண்டும். 50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக இப்படி வலி வந்து, மெல்லும்போது தாடையும் வலித்தால் ரத்தக்குழாய் அழற்சியைச் சந்தேகித்து உடனே ஸ்டீராய்டு தொடங்குவோம். தாமதித்தால் பார்வை போய்விடும்.

இவற்றைவிட உங்களைப் பற்றி எனக்கு அதிகக் கவலை அந்த மாத்திரைதான். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, பல மருந்து சேர்ந்த கலவை மாத்திரை என்றால் 10 நாளே, மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தால் மாத்திரையே தலைவலியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நீங்கள் அந்த எல்லையை நெருங்கிவிட்டீர்கள். இரண்டு வாரம் வலி தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கூட வந்தவை, போட்ட மாத்திரை எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். அதற்குள் ஒரு கண் மருத்துவரிடம் போய் பாவையை விரித்துப் பின்புறம் பார்க்கச் சொல்லுங்கள், கண் அழுத்தத்தையும் அளக்கட்டும். பிறகு குறிப்போடு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். எம்.ஆர்.ஐ. தேவையா என்பதை அவர் உங்களைப் பரிசோதித்த பிறகு முடிவு செய்யட்டும்.